கூர்நோக்கு இல்லத்துப் பையனிடம் போதையைப் பற்றிப் பேசுவது எப்படி

சமூகப்பணி படித்துவிட்டுக் கூர்நோக்கு இல்லத்துக்கு (வழக்கில் சிக்கிய பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் இடம்) முதன்முதலாக வேலைக்கோ களப்பணிக்கோ வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "ஏன் தம்பி இதையெல்லாம் தொட்ட?" அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஸ்டேஷனில் அதைத்தான் கேட்டார்கள், இந்தப் பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் கேட்டார்கள், அம்மாவும் அழுதுகொண்டே கேட்டுவிட்டாள். அவனிடம் பதில் தயாராக இருக்கும். "சும்மாதான் மேடம்." "பசங்களோட சேர்ந்து." "இனிமே தொடவே மாட்டேன் மேடம்." இதில் ஏதோ ஒன்று வரும், பேச்சு அதோடு நின்றுவிடும்.

நான் சென்னையில் பையன்களுக்கான கூர்நோக்கு இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராகப் பல வருடங்கள் வேலை பார்த்தவள். கஞ்சா, ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஹான்ஸ், கூல் லிப் மாதிரியான புகையிலை, வலி மாத்திரை, தூக்க மாத்திரை என்று பழகிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: போதை அந்தப் பையனுக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்து கொடுக்கிறது. ஒருவனுக்கு வீட்டில் இருக்க முடியாத இரவைக் கடத்திக் கொடுக்கிறது. இன்னொருவனுக்குக் கூட்டத்தில் ஓர் இடம் வாங்கித் தருகிறது. மற்றொருவனுக்கு, தான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்கிற நினைப்பைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கிறது. அது என்ன வேலை என்று நமக்குத் தெரியாதவரை "விட்டுடு" என்று சொல்வதில் பயனில்லை. அந்த வேலையைக் கண்டுபிடிப்பது எப்படி, அதற்கு வேறு வழி செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெண் பிள்ளைகளோடு நான் வேலை செய்ததில்லை, அதனால் அவர்களைப் பற்றி இதில் எதுவும் இல்லை.

கீழே வரும் பையன்கள் யாரும் தனி ஆள் கிடையாது, பலரைக் கலந்து எழுதியிருக்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம் அது.

முதலில் உடம்பு

புதிதாக வந்த பையனோடு முதல் சில நாள் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். அவன் மனசு பேச்சில் இருக்காது. கஞ்சா பழகியவனுக்குத் தூக்கம் வராது, சோறு இறங்காது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வரும். டேபென்டடால் வகை வலி மாத்திரை பழகியவனுக்கு மூக்கு ஒழுகும், வயிறு போகும், முதுகும் காலும் முறிகிற மாதிரி வலிக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் அது உச்சத்துக்குப் போகும். விவரம் தெரியாதவர்கள் ஜுரம் என்று நினைத்து ஒரு மாத்திரையைக் கொடுத்துப் படுக்கச் சொல்லிவிடுவார்கள்.

தூக்க மாத்திரை விஷயம் இன்னும் தீவிரம். நைட்ரசெபாம் மாதிரியானவற்றைத் தினமும் போட்டவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மற்ற கேள்விகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதல் நாளே இதைக் கேளுங்கள்: "என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியா எப்போ போட்ட?" டாக்டரிடம் சொல்வதற்காகத்தான் கேட்கிறேன், கேஸுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். பெயர் தெரியாவிட்டால் அட்டையின் நிறம், எங்கே வாங்குவார்கள், ஊசியில் ஏற்றினானா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊசி என்றால் அவன் கையைப் பாருங்கள், ரத்தப் பரிசோதனைக்கும் சொல்லுங்கள். நிலைமை மோசம் என்றால் கண்காணிப்பாளர் மூலம் குழுமத்துக்கு எழுதச் சொல்லுங்கள். போதைக்கு அடிமையான பிள்ளையைச் சிகிச்சைக்கு மாற்ற இளைஞர் நீதிச் சட்டத்தின் 93-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

ஒயிட்னரும் சொல்யூஷனும் சின்னப் பையன்களின் போதை. ஸ்டேஷனரி கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைத்துவிடும். 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை இந்த முகரும் வகைதான். 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். இதில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்போதுதான் முகர்ந்த பையனைத் துரத்தக் கூடாது, மிரட்டக் கூடாது. அந்த நேரத்தில் திடீர்ப் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே இறந்துபோகலாம். உங்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார், பேட்டை போலீஸ்காரர் எல்லோரிடமும் இதைச் சொல்லுங்கள்.

உட்காரும் இடம், சொல்லிவிட வேண்டிய விஷயங்கள்

அலுவலக அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் அவனை நிற்க வைத்துப் பேசினால் அது ஸ்டேஷன்தான். வராந்தாவில், மற்றவர்கள் பார்க்கலாம் ஆனால் கேட்க முடியாது என்கிற மாதிரி இடம் பார்த்துப் பக்கவாட்டில் உட்காருங்கள். நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் பிள்ளைகள் சீக்கிரம் பேசுவார்கள்.

ஆரம்பத்திலேயே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கேஸில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அதை வக்கீலிடம் பேசிக்கொள். நீ சொல்வதை நான் வெளியே சொல்ல மாட்டேன், ஆனால் நீ உன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் போவதாகத் தெரிந்தாலோ, உன்னை யாராவது கஷ்டப்படுத்துவதாகத் தெரிந்தாலோ சொல்லித்தான் ஆவேன். இதை மறைத்து வைத்துவிட்டுப் பிறகு மீறினால் அந்தப் பையன் மட்டுமில்லை, அந்தக் கூடத்தில் இருக்கும் ஒருவனும் அப்புறம் உங்களிடம் வாய் திறக்க மாட்டான்.

அதற்குப் பிறகு நான் ஒரு வெள்ளைத் தாளும் கட்டைப் பென்சிலும் கொடுப்பேன். முழுப் பென்சில் கூடாது, கூர்மையானது எதுவும் கணக்கில் இருக்க வேண்டும், பேச்சு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "உங்க ஏரியாவை வரைஞ்சு காட்டு" என்பேன். "எனக்கு வரையத் தெரியாது மேடம்" என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். கட்டம் போட்டால் போதும் என்று சொன்னால் குனிந்து ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பையன் மெக்கானிக் ஷெட்டைத் தாளில் பாதிக்கு வரைந்தான். உள்ளே லிஃப்ட், ஸ்பேனர் மாட்டும் பலகை, ஓனர் உட்காரும் ஸ்டூல் வரைக்கும் போட்டான். வீடு ஓர் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. அதற்குள் யாரும் இல்லை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்: காலையில் எங்கே இருப்ப? சாயங்காலம் ஆறு மணிக்கு? பத்து மணிக்கு? அங்கே இன்னும் யார் யார்? போதை எந்தக் கட்டத்தில், எத்தனை மணிக்கு வருகிறது என்பது நீங்கள் அந்தச் சொல்லையே எடுக்காமல் தெரிந்துவிடும்.

வீடு

வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் கேட்பது: "ராத்திரி சாப்பாடு யாரோட சாப்பிடுவ?"

"அப்பா குடிப்பாரா?" என்று நேராகக் கேட்டால் பையன் அப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டான். "எப்பயாச்சும்" என்பான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

"அம்மா நைட் டூட்டி போயிடும் மேடம், ஆபீஸ் கிளீனிங். அப்பா வர்றதுக்கு முன்னாடி நான் மொட்டை மாடிக்குப் போயிடுவேன்."

"மாடியில யாரு இருப்பா?"

"பசங்க. ஃபிரைட் ரைஸ் வாங்கியாருவானுங்க."

இதில் எல்லாமே இருக்கிறது. பத்து மணிக்கு டாஸ்மாக் மூடியதும் அப்பா வருவார், சத்தம் ஆரம்பிக்கும், பையனுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். மாடியில் இடம் இருக்கிறது, சோறு இருக்கிறது, கூடவே பொட்டலமும் இருக்கிறது. இவனுக்குக் கஞ்சா செய்யும் வேலை, அப்பா தூங்கும் வரை நேரத்தைக் கழிப்பது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் அம்மாவிடம் பேசும் பேச்சே மாறிவிடும். "பையனைக் கண்டிச்சு வைங்க" என்பதற்குப் பதில், "பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை இவன் எங்கே பத்திரமாக இருக்கலாம், சித்தி வீட்டிலா, ஆயா வீட்டிலா" என்று கேட்பீர்கள்.

இடப் பற்றாக்குறையையும் சேர்த்துப் பாருங்கள். "அக்கா வயசுக்கு வந்ததிலிருந்து நான் வெளியதான் படுக்குறேன்" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ஒற்றை அறை வீட்டில் வளர்ந்த பையனுக்கு இடமில்லை. படிக்கட்டு, ஆட்டோவின் பின் சீட்டு, மாடி என்று படுப்பான். பன்னிரண்டு வயதுப் பையன் இரவில் தெருவில் படுத்தால் அவனுக்குத் துணை தெருவில்தான் கிடைக்கும். இதைப் பெற்றோரின் அலட்சியம் என்று எழுதிவிடாதீர்கள். அந்த வீட்டில் போய் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் அப்படி எழுத உங்களுக்குக் கை வராது.

எல்லா வீட்டிலும் குடிகார அப்பாதான் என்றும் நினைக்க வேண்டாம். கேட்டரிங் சப்ளை, பந்தல், லோடு என்று பதின்மூன்று வயதிலேயே சம்பாதிக்கப் போன பையனின் வீட்டில் யாரும் அவனைக் கேள்வி கேட்பதில்லை, அவன் காசில் அடுப்பு எரிகிறது. இரண்டு மணிக்கு மண்டபத்திலிருந்து திரும்புகிறவன், அசதி தெரியாமல் இருக்க மற்ற சப்ளை பையன்கள் கொடுத்ததைப் போட்டுப் பழகியிருப்பான். இவனிடம் அப்பா அம்மாவைப் பற்றிக் கிளறுவதைவிட, ராத்திரி வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாற்றுவதைப் பேசுவது பயன்படும். வீட்டிலேயே மாமாவோ அண்ணனோ சரக்கு விற்கும் குடும்பமும் உண்டு. அங்கே "குடும்ப ஆதரவு" என்று எழுதி அனுப்பினால் பையனை மறுபடி அதற்குள்ளேயே தள்ளுகிறோம். நன்னடத்தை அலுவலரிடம் வெளிப்படையாகச் சொல்லி, பையனின் குடும்பச் சூழலைப் பற்றி அவர் குழுமத்துக்குக் கொடுக்கும் சமூக விசாரணை அறிக்கையில் வேறு உறவினர் பெயர் வர வழி பாருங்கள்.

மனு பார்க்க வரும் அம்மா

மனு பார்க்க, அதாவது இல்லத்தில் இருக்கும் பையனைச் சந்திக்க, வரும் எல்லா அம்மாவும் ஒன்றைச் சொல்வார்கள்: "என் புள்ள தங்கம் மேடம், சேர்க்கைதான் சரியில்ல." அந்தச் சேர்க்கைப் பையனின் அம்மாவும் அடுத்த பெஞ்சில் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள். மறுக்காதீர்கள். அந்த அம்மா வேலைக்கு லீவு போட்டு, பஸ் பிடித்து, வெளியில் கால்கடுக்க நின்று வந்திருக்கிறாள். அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அடுத்த வாரம் வர மாட்டாள். வராமல் போனால் பையனுக்கு இருக்கும் ஒரே பிடியும் போய்விடும்.

அவளிடம் கேட்க வேண்டியது இதுதான்: "இவன் யார் சொன்னா கொஞ்சமாவது கேட்பான்?" அநேகமாக அது அப்பாவாக இருக்காது. ஆயா, பெரியம்மா, பழைய டியூஷன் அக்கா, ஃபுட்பால் சொல்லிக்கொடுத்த அண்ணன் என்று யாரோ ஒரு பெயர் வரும். அந்த ஆளை வரவழைக்கப் பாருங்கள். உறவுக்காரர் இல்லையென்றால் அனுமதி வாங்குவது சிரமம், ஆனால் முயற்சி செய்ய வேண்டிய விஷயம். இரண்டாவதாக, சந்திப்பில் என்ன பேசக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். "உன்னால மானமே போச்சு" என்று அழுதுவிட்டு அம்மா போய்விடுவாள். அன்று ராத்திரி பையன் ஜன்னல் ஓரத்தில் கையைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மனு முடிந்த இரவுகளில் அவனைப் பார்த்துக்கொள்ளும்படி வார்டனிடம் சொல்லி வையுங்கள். அம்மாவிடம் வீட்டுச் செய்தி பேசச் சொல்லுங்கள். நாய்க்குட்டி எப்படி இருக்கிறது, தங்கச்சி என்ன மார்க் வாங்கினாள். அது போதும்.

அப்புறம் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று, வக்கீல் ஃபீஸ். அம்மாவிடம் பணம் இருக்காது. ஏரியாவில் ஒரு அண்ணன் வந்து "நான் பாத்துக்கிறேன்மா" என்பார், வக்கீல் வைப்பார், பெயில் எடுப்பார். வெளியே வந்த பையன் அந்தக் கடனை எப்படி அடைப்பான் என்று நினைக்கிறீர்கள்? அவர் கொடுக்கும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்த்தான். ஆகவே முதல் சந்திப்பிலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பிள்ளைகளுக்கு வக்கீல் இலவசம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வைத்துக் கொடுப்பார்கள். நீங்களே மனு எழுதிக் கொடுங்கள். போதைத் தடுப்பு வேலையில் இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கில் ஒரு மாத ஆலோசனையைவிட இந்த ஒரு மனு பெரிது.

சேக்காளிகள்

பையனிடம் அவன் நண்பர்களைத் திட்டாதீர்கள். அவர்கள்தான் அவனுக்குச் சோறு வாங்கிக் கொடுத்தவர்கள், அடிபட்டபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள். அவன் சொல்வது பொய் இல்லை. நான் படத்தில் இருக்கும் ஒவ்வொரு பெயராகக் காட்டிக் கேட்பேன்: "இவன் கூட இருக்கும்போது போதை இல்லாம எப்பயாச்சும் இருந்திருக்கியா?" சில பெயருக்கு யோசிப்பான். "அவன் கூட கேரம் ஆடுவோம் மேடம், அவன் போட மாட்டான்" என்பான். அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள். கூட்டத்தையே விட்டு வா என்றால் அவனால் முடியாது. கூட்டத்துக்குள்ளேயே அந்தக் கேரம் பையன் பக்கம் நகர்ந்து போகச் சொன்னால் நடக்கிற காரியம்.

கூட்டத்தில் சம வயதுக்காரர்கள் ஒரு வகை, மூத்த அண்ணன் வேறு வகை. அந்த அண்ணன் முதலில் சும்மா கொடுத்திருப்பார், பைக் ஓட்டக் கொடுத்திருப்பார். பிறகு "இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாடா" என்றிருப்பார். பையன் அதைப் பாசம் என்று நம்புகிறான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுப்பதும், 78-ஆம் பிரிவில் பிள்ளையை வைத்து அதை விற்பதும் கடத்துவதும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கக்கூடிய குற்றங்கள். இதைப் பையனிடம் அண்ணனுக்கு எதிராக நீட்டாதீர்கள். உனக்கு நடந்ததைச் சட்டம் குற்றமாகப் பார்க்கிறது, அதில் நீ பாதிக்கப்பட்டவன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் விடுங்கள். சில பையன்கள் வாரங்கள் கழித்து அவர்களாகவே திரும்ப அந்தப் பேச்சை எடுப்பார்கள்.

இல்லத்துக்குள்ளும் சேக்காளிப் பிரச்சினை இருக்கிறது, அதில் நமக்கும் பங்கு உண்டு. இருபது பையன்களை வட்டமாக உட்கார வைத்து "போதையால் உனக்கு என்ன நடந்தது, சொல்" என்று கேட்கும் வகுப்புகளை நான் அறவே எதிர்க்கிறேன். முதல் பையன் தயங்கிச் சொல்வான். இரண்டாவது பையன் கொஞ்சம் ஏற்றிச் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஐந்தாவது பையன் வரும்போது அது கெத்துப் போட்டி. கஞ்சா மட்டும் தெரிந்தவன் மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கற்றுக்கொண்டு படுக்கப் போவான். அமெரிக்காவில் தாமஸ் டிஷியனும் அவருடைய சகாக்களும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. தடம் மாறக்கூடிய பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து நடத்திய குழு வகுப்புகளால் சிலருக்குப் புகைப் பழக்கமும் அடாவடியும் கூடியது. பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பயமுறுத்தும் திட்டங்களும் அங்கே குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்தன.

குழுவாக வைத்தால் கையில் வேலை இருக்கட்டும். வாலிபால், செடி, சுவருக்குப் பெயின்ட். போதைக் கதைக்கு இடம் கொடுக்காதீர்கள். குழுவில் செய்யத் தகுந்த ஒரு பயிற்சி, மறுத்துப் பேசிப் பழகுவது. "வேணாம்" என்று மட்டும் சொன்னால் கூட்டத்தில் செல்லாது, "என்னடா சீன் போடுற" என்பார்கள். கௌரவம் குறையாத காரணம் வேண்டும். பையன்களே கண்டுபிடிப்பார்கள். எனக்குப் பிடித்தது: "நாளைக்கு வாய்தா மச்சான், நன்னடத்தை ஆபீசர் கண்ணைப் பாத்தே கண்டுபுடிச்சுடுவாரு, பெயில் போயிடும்." இதை ஒருவன் சொல்ல, மற்றவன் விடாமல் வற்புறுத்த, திரும்பத் திரும்ப நடித்துப் பார்க்க வேண்டும். வாயில் தானாக வரும் வரை.

தன்னைப் பற்றி அவன் வைத்திருக்கும் நினைப்பு

வீடு, சேக்காளிகள், இந்த நினைப்பு என்கிற மூன்றில் இதுதான் கஷ்டம், இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

காகிதத்தில் பையனின் பெயருக்குப் பின்னால் (எ) என்று போட்டு ஒரு பட்டப்பெயர் இருக்கும். ஏரியாவில் வைத்தது, எஃப்ஐஆரில் ஏறி, இப்போது இல்லத்தில் வார்டனும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அந்தப் பெயரில் இருக்கும்வரை அவன் அந்த ஆள்தான், பயப்படக் கூடாது, அழக் கூடாது, வேண்டாம் என்று சொல்லக் கூடாது. "மாத்திரை போட்டா பயமே இருக்காது மேடம்" என்று பல பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் பயம் இருந்தது என்றுதானே அர்த்தம்? "அதுக்கு முன்னாடி எதுக்குப் பயம்?" என்று மெதுவாகக் கேளுங்கள். எதிர் ஏரியாப் பையன்கள், இருட்டில் தனியாகத் தூங்குவது, வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்வது என்று என்னென்னவோ வரும். வீட்டில் கூப்பிடும் பெயர் என்ன என்று கேட்டு, அவன் சம்மதித்தால் அதைச் சொல்லியே கூப்பிடுங்கள். வார்டன்களிடமும் சொல்லுங்கள். இழிவுபடுத்தும் சொல் கூடாது என்பது சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே அடிப்படைக் கொள்கையாக இருக்கிறது.

"நீ நல்ல பையன்" என்று சொல்லி அவன் எண்ணத்தை மாற்ற முடியாது. நம்ப மாட்டான், நடிக்கிறோம் என்றுதான் நினைப்பான். அவனே செய்த ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். எட்டாவது வரை பள்ளிக்கூடம் போயும் எழுதத் தெரியாத ஒரு பையன், குழுமத்தில் எல்லாக் காகிதத்திலும் கைநாட்டுதான் வைப்பான். மை ஒட்டிய கட்டைவிரலைச் சட்டைக்குள் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு வருவான். அவனோடு வேறு எதுவும் பேசாமல், பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் பெயர் எழுதப் பழகினோம். முதலில் இனிஷியல், அப்புறம் ஓர் எழுத்து, அப்புறம் அடுத்தது. 'ஜ' மட்டும் வரவே இல்லை, கொக்கி எப்போதும் தலைகீழாகவே போனது. அடுத்த வாய்தாவில் இங்க் பேடை எடுத்த கிளார்க்கிடம் "பேனா குடுங்க சார்" என்று கேட்டானாம். கூடப் போன காவலர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு அவன் சொன்ன கதைகளில் கத்தி குறைந்து, ஐடிஐ வந்தது.

எதிர்காலம் முடிந்துவிட்டது என்று இவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். "கேஸ் இருக்கு மேடம், இனிமே எந்த வேலையும் கிடைக்காது. அப்புறம் எதுக்கு விடணும்?" இதற்கு ஆறுதல் வேண்டாம், தகவல் கொடுங்கள். 24-ஆம் பிரிவுப்படி, இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட குற்றத்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் தகுதியிழப்பு வராது. பதினாறு வயது முடிந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்படுகிறவர்களுக்கு மட்டும் இது வேறு. எட்டாவதும் பத்தாவதும் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாவது பாஸ் போதும் என்கிற தொழிற்பிரிவுகள் ஐடிஐ-யில் இருக்கின்றன. முகவரியைப் பார்த்தே வேலை மறுக்கிறார்கள் என்றும் சொல்வார்கள், சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று எழுதினாலே கூப்பிடுவதில்லை என்று. அதுவும் உண்மைதான், இல்லை என்று சாதிக்காதீர்கள். முகவரி கேட்காத, ஆளைத் தெரிந்த ஒரு வேலையிடத்தை இப்போதே தேடத் தொடங்குங்கள். அந்த மெக்கானிக் ஷெட் ஓனருக்கு ஒரு ஃபோன் போட்டுப் பாருங்கள்.

"மாலை போட்டிருக்கியா?"

பையன் "என்னால இருக்கவே முடியாது மேடம்" என்று சொல்லும்போது நான் கேட்கும் கேள்வி இது. ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு நிறையப் பேர். "போட்டிருக்கேன் மேடம், போன வருஷம் கூட." அப்போது தொட்டாயா? "சாமி! மாலை போட்டுக்கிட்டு எப்படி மேடம்?" என்று பதறுவார்கள். முஸ்லிம் பையன்கள் நோன்பு மாதத்தைச் சொல்வார்கள், கிறிஸ்தவப் பையன்கள் தவக்காலத்தை.

ஒரு மண்டலம் எப்படி இருந்தாய் என்று விவரமாகக் கேளுங்கள். அம்மா விடியற்காலையில் எழுந்து தனியாகச் சமைத்தாள். அப்பா கூட வீட்டில் குடிக்கவில்லை. பசங்க இவனைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டார்கள், "சாமி, நீ போ" என்றார்கள். தெருவில் பெரியவர்கள் கூட இவனைச் சாமி என்று கூப்பிட்டார்கள், சிலர் காலில் விழுந்தார்கள். வீடு, சேக்காளி, தன்னைப் பற்றிய நினைப்பு மூன்றும் ஒரே நாளில் மாறியது, அதனால்தான் முடிந்தது. மாலையைக் கழற்றிய அன்றே மூன்றும் பழையபடி திரும்பின. பையனிடம் இதைப் பிரித்துக் காட்டினால் கண் விரியும். அவனுக்கு மன உறுதி இல்லை என்பது பொய் என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. அடுத்து, மாலை இல்லாமல் இதில் எதையெல்லாம் வைத்துக்கொள்ள முடியும் என்று அவனோடு சேர்ந்து எழுதுங்கள். விடியற்காலைக் குளியலா, வேறு ஒரு கூட்டமா, அம்மாவோடு ஒரு வேளைச் சோறா, எதுவாக இருந்தாலும் அவன் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். அதை அவனுடைய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் அவன் வார்த்தையிலேயே ஏற்றுங்கள்.

வெளியே போகும் நாள்

கேட்டுக்கு வெளியே பைக்கோடு பசங்க நிற்பார்கள். ரிலீஸ் ட்ரீட். அன்று சாயங்காலம்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும்: இத்தனை நாள் தொடாமல் இருந்ததால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். முன்பு போட்ட அதே அளவு மாத்திரையைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். மதுவோடு சேர்த்தால் இன்னும் மோசம். இதைச் சொன்னால் போடச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள்.

அம்மாவையோ ஆயாவையோ நேராக வரச் சொல்லி, அன்று இரவு எங்கே தங்குவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஊரில் அத்தை வீட்டுக்கு அனுப்புவது முதல் சில வாரத்துக்கு நல்லது, குழுமத்தில் சொல்லிவிட்டு, வாய்தா தேதி பார்த்து அனுப்ப வேண்டும். அதையே முழு மருந்தாக நம்பக் கூடாது. ஏரியாவில் எதுவும் மாறாமல் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் அதே மாடிதான்.

திரும்பவும் ஒரு நாள் தொடுவான். எல்லோரும் தொடுவார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலும் நடக்கும். அம்மாவை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்: அடிக்க வேண்டாம், வெளியே துரத்த வேண்டாம், எனக்கு ஃபோன் செய்யுங்கள். என்னைப் பிடிக்க முடியாவிட்டால் போதை மறுவாழ்வுக்கு 14446, குழந்தைகள் உதவிக்கு 1098. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்றால் அவர் ஃபோனிலேயே பதிந்து கொடுத்துவிடுங்கள்.

அந்த ஃபோன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, அவன் இப்போது கூப்பிட்டால் விழிக்கிறானா, மூச்சு சீராக இருக்கிறதா, உதடு நீலமாக இருக்கிறதா என்பதுதான். சந்தேகமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், பேச்செல்லாம் அப்புறம். மறுநாள் அவனோடு உட்காரும்போது எத்தனை மணிக்கு, யாரோடு, அதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். கூடவே, வெளியே வந்ததிலிருந்து தொடாமல் இருந்தது எத்தனை நாள் என்றும் கேட்டு எழுதுங்கள். அந்த நாட்களெல்லாம் வீணாகிவிட்டன என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.